மருந்து வேதியியலில் ஓராண்டு ஆய்வு: எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். இதுவரை 78 விழுக்காடு எடுத்திருக்கிறேன். நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ் சேர்ந்து, மஞ்சளிலுள்ள குர்குமினிலிருந்து புதிய மருந்து உருவாக்க விரும்புகிறேன். வீட்டிலோ மூன்றாண்டோடு முடித்துக்கொண்டு கோவையில் எம்.எஸ்ஸி. சேரச் சொல்கிறார்கள். எது சரி?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வீட்டார் சொல்வதிலும் தவறில்லை. ஆயினும் ஆராய்ச்சிதான் உங்கள் நாட்டம் என்றால் நான்காம் ஆண்டையே தேர்ந்தெடுங்கள். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர்களுக்கே ஆராய்ச்சியுடன் கூடிய நான்காம் ஆண்டு திறந்திருக்கிறது. அதை முடித்து 75 விழுக்காடு பெறுபவர்கள் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பின்னர் எம்.எஸ்ஸி. சேர நினைத்தால், நான்காண்டு முடித்தவர்களுக்கு அங்கே ஓராண்டுப் படிப்பு உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் பொருள் மருந்தாக வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் குர்குமின் ஓராண்டு ஆய்வுக்கு ஏற்ற மூலக்கூறு அன்று. உடலின் வெப்பநிலையில், pH 7.2 அளவிலுள்ள கரைசலில் வைத்தால், அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடுகிறது. அது மஞ்சள் நிறமுடையது, ஒளிர்வது, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்வது, புரதங்களோடு தாறுமாறாக வினைபுரிவது. ஆகவே பல சோதனைகளில் அது மருந்துபோலவே வேலை செய்வதாகப் பொய்த் தோற்றம் தருகிறது. 2017இல் வெளியான ஒரு விரிவான மருந்து வேதியியல் மதிப்பாய்வு இதைத் தெளிவாக எச்சரித்தது. ஓராண்டு உழைத்தபின், கண்டது மருந்தின் செயலா சோதனையின் பிழையா என்று உங்களாலேயே சொல்ல முடியாமல் போகலாம்.

மாறாக, விடை கிடைக்கக்கூடிய ஒரு சிறிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1935இல் ஜெர்மானிய ஆய்வாளர் டோமாக் வெளியிட்ட பிரான்டோசில் என்ற சாயம், உடலுக்குள் உடைந்து சல்பனிலமைடாக மாறிய பிறகே பாக்டீரியாவைத் தடுத்தது என்பது பின்னர் தெரியவந்தது. பாக்டீரியா ஃபோலிக் அமிலம் தயாரிக்கப் பயன்படுத்தும் அமினோபென்சாயிக் அமிலத்தைப் போலவே சல்பனிலமைடு வடிவம் கொண்டிருப்பதால், அதைத் தயாரிக்க உதவும் நொதியை அது ஏமாற்றிவிடுகிறது. நாம் ஃபோலிக் அமிலத்தை உணவிலிருந்து பெறுவதால் நமக்கு அந்தத் தீங்கு இல்லை. இந்த வழியில், ஒரே சட்டகம் கொண்ட ஐந்தாறு சல்போனமைடுகளை (சல்பனிலமைடு இனச் சேர்மங்களை) தயாரித்து, ஓரிடத்தில் மட்டும் ஓர் அணுத்தொகுதியை மாற்றினால் பாக்டீரியா தடுப்பு எப்படி மாறுகிறது என்று கேட்கலாம். அமைப்புக்கும் செயலுக்குமுள்ள தொடர்பைத் தேடுவதுதான் மருந்து வேதியியலின் உயிர்.

சோதனையில் ஒரு கவனம் வேண்டும். பாக்டீரியா வளர்க்கும் அகர் தட்டில், அவை வளராமல் நின்ற வட்டத்தை அளந்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். கொழுப்பில் கரையும் தன்மை மிகுந்த சேர்மம் அகரில் பரவாமல் நின்றுவிட்டால், வலிமையுள்ளதும் வலிமையற்றதாகத் தோன்றும். வளர்ச்சியைத் தடுக்கும் மிகக்குறைந்த அளவைக் கரைசலில் கண்டறியுங்கள். கூடவே தெரிந்த மருந்து ஒன்றையும், சேர்மத்தைக் கரைத்த கரைப்பானை மட்டும் தனியாகவும் வையுங்கள். சேர்மம் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிக்கும் டாக்கிங் முறையில் வரும் எண் ஒரு ஊகம்தான். அதையே ஆய்வேட்டின் முடிவாக்கிவிட வேண்டாம்.

தமிழ்வழியில் படித்ததால் பின்தங்கிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. ஆய்வுக் கேள்வியை முதலில் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அது எழுத வரவில்லையென்றால் கேள்வி இன்னும் தெளியவில்லை என்று பொருள்.

நெறியாளரிடம் இப்போதே இரண்டு செய்திகளைக் கேளுங்கள்: மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனைக்கு மாதிரிகள் எங்கே அனுப்பப்படுகின்றன, முடிவு வர எத்தனை வாரம் ஆகும்? சேர்மம் தூய்மையானது என்று டி.எல்.சி. (கலவையைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு) தட்டில் ஒற்றைப் புள்ளி தெரிந்த பின்னரே அனுப்புங்கள். கலப்படமான மாதிரிக்காகக் காத்திருந்து இழக்கும் வாரங்கள் அந்த ஓராண்டில் மீண்டும் கிடைக்கமாட்டா.