வீடியோ கேம் உலகில் இயற்கை ஒலிகளைச் செயற்கையாகத் தோன்றாதபடி சேர்ப்பது எப்படி?

காடு ஒன்றை உருவாக்கி, பறவை, காற்று, ஓடை ஆகிய மூன்றும் கலந்த இரண்டு நிமிடப் பதிவை அதில் ஓடவிட்டதாகவும், சிறிது நேரம் விளையாடியதும் அந்தக் காட்டில் உயிரே இல்லாததுபோல் தோன்றுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். என் முதல் விளையாட்டில் நானும் இதையேதான் செய்தேன். அதை விளையாடிப் பார்த்த நண்பர் கால் மணி நேரத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அந்தக் குருவி இன்னும் பத்து விநாடியில் மறுபடி கத்தும், பாருங்கள்" என்றார். சொன்னபடியே கத்தியது. அதன் பிறகு அந்தக் காட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கும் அந்தக் குருவியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

பதிவின் தரத்தில் குறை இல்லை. அந்தப் பறவை எந்த மரத்தில் இருக்கிறது, ஏன் இப்போது கூவுகிறது என்று கேட்டால் உங்கள் உலகத்தில் விடை இல்லை என்பதே குறை. ஆகவே ஒரு பதிவுக்குப் பதில் இன்னொரு நல்ல பதிவைத் தேடாமல், ஒவ்வோர் ஒலிக்கும் அந்த உலகத்துக்குள் ஓர் இடத்தையும் ஒரு காரணத்தையும் கொடுங்கள்.

அடிப்படை ஒலியிலிருந்து தொடங்கலாம். இது எங்கும் பரவியிருக்கும் மெல்லிய இரைச்சல் மட்டுமே. தனியாக அடையாளம் தெரியும் எந்தக் கூவலும், எந்தக் கிளை முறியும் சத்தமும் இதில் இருக்கக் கூடாது. நீளம் வேறுபட்ட இரண்டு லூப்களை, அதாவது முடிந்ததும் தாமே மீண்டும் தொடங்கும் பதிவுகளை, சேர்த்து ஓடவிடுங்கள். ஒன்று 37 விநாடி, மற்றொன்று 53 விநாடி என்றால், அவை இரண்டும் மீண்டும் ஒரே இடத்தில் தொடங்க 1,961 விநாடிகள், அதாவது ஏறத்தாழ 33 நிமிடங்கள் ஆகும். 71 விநாடி லூப் ஒன்றையும் சேர்த்தால் அது 38 மணி நேரத்தைத் தாண்டிவிடும். லூப்பின் முடிவை மங்கவைத்துக்கொண்டே தொடக்கத்தை எழுப்பி இணைக்கும்போது, அதை நேர்கோட்டில் செய்தால் நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும். இரண்டின் கூட்டு ஆற்றலும் மாறாமல் வைத்திருக்கும் சம ஆற்றல் வளைவைப் பயன்படுத்தினால் அது விழாது. எம்.பி.3 வடிவம் கோப்பின் முனைகளில் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடுவதால், லூப்களுக்கு ஆக் வோர்பிஸ் அல்லது வேவ் வடிவமே ஏற்றது.

பறவைகளை இந்த அடிப்படையிலிருந்து முழுவதும் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு கூவலும் தனித்தனி மோனோ (ஒரே தடமுள்ள) கோப்பாக இருக்கட்டும், ஏனென்றால் திசையும் தூரமும் தெளிவாகத் தெரிய வேண்டிய ஒலிக்கு மோனோதான் பொருந்தும். திறந்த வெளியில் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள்களான கேம் எஞ்சின்களில், தூரத்துக்கேற்ப ஒலியைக் குறைக்கும் மடக்கை வளைவு இதைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் ஆயிரம் மரங்களிலும் ஆயிரம் ஒலிமூலங்களை நட்டுவைக்க முடியாது. யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் ஒரே நேரத்தில் உண்மையாக ஒலிக்கக்கூடியவற்றின் எண்ணிக்கை, அமைப்பை மாற்றாதவரை, 32தான். நான் செய்வது இதுதான்: விளையாடுபவரைச் சுற்றி 15 முதல் 40 மீட்டர் வரையுள்ள வளையத்தில் ஒரு மரத்தைத் தற்செயலாகத் தேர்ந்து, ஒரே இனத்தின் ஐந்தாறு கூவல்களில் கடைசியாக ஒலித்ததை விட்டுவிட்டு வேறொன்றை அங்கிருந்து ஒலிக்கச் செய்து, அடுத்த கூவலுக்கான இடைவெளியையும் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுகிறேன். சுருதியை மிகச் சிறிதளவே மாற்றுங்கள், மிகுதியாக மாற்றினால் வேறொரு பறவை ஆகிவிடும்.

பலர் ஏமாறுவது காற்றில். காற்றுக்கென்று தனி ஒலி கிடையாது. அது எதன்மீது மோதுகிறதோ, எதை அசைக்கிறதோ அதன் ஒலிதான் நமக்குக் கேட்கிறது. மெல்லிய கம்பி போன்ற ஒன்றைக் காற்று கடக்கும்போது எழும் அதிர்வெண், காற்றின் வேகத்தைப் பொருளின் தடிமனால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிடைக்கும். விநாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கிளையைக் கடந்தால் 100 ஹெர்ட்ஸ், ஒரு மில்லிமீட்டர் ஊசியிலையைக் கடந்தால் 1,000 ஹெர்ட்ஸ். அதனால்தான் ஊசியிலைக் காடு சீறுகிறது. அகன்ற இலைகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலப்பது முற்றிலும் வேறொரு ஒலி. காற்று வலுக்கும்போது ஒலியளவை மட்டும் கூட்டுவது போதாது என்பதும் இதிலிருந்து தெரியும். வேகத்தோடு அதிர்வெண்ணும் ஏறுவதால், உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபில்டரையும் அதற்கேற்பத் திறக்க வேண்டும். மரங்களை அசைக்கும் அதே காற்று மதிப்பிலிருந்தே ஒலியையும் இயக்குங்கள். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் வீச்சு 40 மீட்டரைக் கடக்க 8 விநாடி எடுக்கும். தொலைவிலுள்ள மரங்கள் முதலில் இரைந்து, அந்த இரைச்சல் நெருங்கி வந்து, நம்மைக் கடந்து போவதைக் கேட்கும் அனுபவத்துக்கு ஈடாக நான் வேறெதையும் சொல்ல மாட்டேன்.

நீரின் ஒலி பெரும்பாலும் குமிழிகளின் ஒலி. குமிழியின் ஆரம் குறையக் குறைய அதன் அதிர்வெண் உயர்கிறது என்பதை இயற்பியலாளர் மின்னார்ட் 1933இல் கணக்கிட்டுக் காட்டினார்: நீர்மட்டத்துக்கு அருகில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 3,300 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ளது 330 ஹெர்ட்ஸில். ஆகவே கூழாங்கல் ஓடைக்கும் அருவிக்கும் ஒரே பதிவை ஒலியளவு மாற்றிப் பயன்படுத்தினால் காது நம்பாது. ஆறு ஒரு புள்ளியும் அல்ல. அதன் போக்கை ஒரு வளைகோடாக வரைந்துகொண்டு, விளையாடுபவருக்கு மிக அருகில் உள்ள இடத்துக்கு ஒலிமூலத்தை நகர்த்திக்கொண்டே இருங்கள். மழைக்கும் இதே நியாயம்தான்: விழும் இடத்தைப் பொறுத்து இலை, மண், கூரை எனத் தனித்தனிப் பதிவுகள் வேண்டும். இடிக்கு, மின்னல் தோன்றிய தூரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 விநாடி தாமதம் கொடுத்தால் போதும்.

பதிவுகளைத் தேர்வு செய்யும்போது அந்த உயிரினம் எங்கே வாழ்கிறது என்று பாருங்கள். உலகின் எல்லாக் காடுகளிலும் தவளை "ரிபிட்" என்று கத்துவதாகத் திரைப்படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. அது வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பகுதியில் வாழும் ஒரு சிறு தவளையின் குரல். ஃப்ரீசவுண்ட், ஜெனோ-கான்டோ போன்ற தளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி உரிமம் உண்டு. பறவைப் பதிவுகள் பல வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதால், விற்கப்போகும் விளையாட்டில் அவற்றைச் சேர்க்கும் முன் உரிமத்தைப் படித்துவிடுங்கள்.

இரவுக்கு வரும்போது, சுவர்க்கோழியைக் கடிகாரத்தோடு மட்டுமன்றி வெப்பநிலையோடும் இணையுங்கள். அமெரிக்க இயற்பியலாளர் டால்பேர் 1897இல் வெளியிட்ட விதியின்படி, 8 விநாடிகளில் கேட்கும் ஒலிகளின் எண்ணிக்கையோடு 5ஐக் கூட்டினால் செல்சியஸ் வெப்பநிலை ஏறத்தாழக் கிடைக்கும். அதைத் திருப்பிப் போட்டால் 20 பாகையில் 15 ஒலிகள், 15 பாகையில் 10 ஒலிகள். உங்கள் உலகில் இரவு குளிரக் குளிர அவை தாமே மெதுவாகும். காலடி அருகே வந்தால் அருகிலுள்ளவை மட்டும் நின்று, தொலைவில் இருப்பவை தொடரட்டும். அசையாமல் நின்றால் சில விநாடிகள் கழித்து முதலில் ஒன்றும், பிறகு மற்றவையும் மீண்டும் தொடங்கட்டும். என் காட்டில் இதைச் சேர்த்த அன்று, அதே நண்பர் இருட்டில் வெகுநேரம் நகராமல் நின்றிருந்தார்.