புரோலாக்டின் கூடினால் மூளையில் கட்டியா?

கேள்வி: வயது 31. நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை, கர்ப்பமும் இல்லை. மார்பை அழுத்தினால் பால் கசிகிறது. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 68 நானோகிராம். தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். கட்டியாக இருக்குமோ? நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன், வேறு மருந்து கிடையாது.

பதில்: ஸ்கேன் இருக்கட்டும். முதலில் அந்த நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோலுக்குப் பக்கத்தில், வாந்தியைத் தடுக்கும் டாம்பெரிடோன் என்று இருக்கிறதா? எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி மூளையின் அடியில், மூக்குக்கு நேர் பின்னால், ஓர் எலும்புக் குழிக்குள் இருக்கிறது. எடை அரை கிராம்தான். மெல்லிய காம்பு ஒன்று அதை மேலே ஹைபோதலாமஸ் என்ற மூளைப் பகுதியோடு இணைக்கிறது. பின்பகுதி சொந்தமாக எதையும் தயாரிப்பதில்லை. மேலிருந்து வரும் ஆக்ஸிடோசின், வாசோபிரெசின் என்ற ஹார்மோன்களை வைத்திருந்து, வேண்டும்போது ரத்தத்தில் விடும். உங்கள் பிரச்சினை முன்பகுதியில். தைராய்டு, அட்ரினல், சினைப்பை ஆகியவற்றை இயக்கும் ஹார்மோன்களும் வளர்ச்சி ஹார்மோனும் அங்கேதான் சுரக்கின்றன. அவற்றைச் சுரக்கச் சொல்லி ஹைபோதலாமஸ் தூண்ட வேண்டும். புரோலாக்டின் மட்டும் தலைகீழ்: விட்டால் தானாகச் சுரந்துகொண்டே இருக்கும். ஹைபோதலாமஸ் காம்பு வழியாக அனுப்பும் டோபமின்தான் அதற்கு பிரேக். டாம்பெரிடோன் அந்த டோபமினை வேலை செய்ய விடாது. புரோலாக்டின் ஏறினால் சினைப்பைக்குப் போகும் தூண்டல் குறையும், மாதவிடாய் நிற்கும்.

தைராய்டு குறைவாக இருந்தாலும் இதே கதைதான். அதனால் தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பாருங்கள், கர்ப்பப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துவிடுங்கள். டாம்பெரிடோன் இருந்தால், டாக்டரிடம் சொல்லிச் சில நாள் நிறுத்திவிட்டு, பதற்றமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு புரோலாக்டின் பரிசோதனைக்கு மறுபடி ரத்தம் கொடுங்கள். (சில மனநல மருந்துகளும் இப்படிப் புரோலாக்டினை ஏற்றும்; ஆனால் அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.)

அப்புறமும் அளவு இறங்கவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. அவசியம்தான். புரோலாக்டின் சுரக்கும் கட்டி பெரும்பாலும் 10 மி.மீ.க்கும் சிறியது, புற்றுநோய் அல்ல. பலருக்கு வாரம் இரண்டு முறை கேபர்கோலின் மாத்திரையிலேயே சரியாகிவிடும். வேறு ஏதாவது காம்பை அழுத்தி டோபமினைத் தடுத்தாலும் 68 வரலாம், அதையும் ஸ்கேன் காட்டிவிடும். கண் நரம்புகள் குறுக்கிடும் இடம் சுரப்பிக்கு நேர் மேலே இருப்பதால், பக்கவாட்டுப் பார்வை மங்கினால் மட்டும் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

இன்னொன்று, பால் வருகிறதா என்று மார்பை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். அதுவே புரோலாக்டினை ஏற்றிவிடும்.