கறுப்பு கேமோ டி-ஷர்ட் போட்டா போலீஸ் பிடிக்குமா?

கேள்வி: அண்ணா, சவுத் ஆப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வர்த்ல இருந்து எழுதுறேன். பையன் ஆன்லைன்ல ஒரு டி-ஷர்ட்ட பாத்துட்டு அதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். கறுப்பு டி-ஷர்ட், அதுல சாம்பலும் கரும்பச்சையுமா திட்டுத்திட்டா மிலிட்டரி மாதிரி டிசைன், கேமோம்பாங்களே அது, 450 ராண்ட். வீட்டுக்காரர் இத போட்டா போலீஸ் பிடிக்கும்ங்கிறார். டிசம்பர்ல குடும்பத்தோட விக்டோரியா ஃபால்ஸ் போறோம், அங்கயும் இதத்தான் போடுவானாம். வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: உங்க வீட்டுக்காரர் சும்மா பயமுறுத்தல தங்கச்சி, அப்படி ஒரு சட்டம் இருக்கு. சவுத் ஆப்பிரிக்காவோட 2002 டிஃபென்ஸ் ஆக்ட், 104-வது பிரிவு. அனுமதி இல்லாம ராணுவ யூனிஃபார்ம வச்சிருந்தாலோ போட்டாலோ அபராதம், இல்லன்னா 5 வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா அது நம்ம ராணுவத்தோட உடுப்புக்கு. அவங்க பேட்டர்னுக்கு சோல்ஜர் 2000னு பேரு, பழுப்பும் பச்சையும் கலந்து இருக்கும், அதையே காப்பி அடிச்ச மாதிரி இருந்தா தொடாதீங்க. நீங்க சொல்ற கறுப்பு, சாம்பல் டிசைன்ல பேட்ஜ், கொடி ஒண்ணும் இல்லன்னா டர்பன்ல போட்டுட்டு சுத்த நான் பயப்பட மாட்டேன்.

நீங்க போற விக்டோரியா ஃபால்ஸ் இருக்குற ஜிம்பாப்வே கதையே வேற. அங்க சிவிலியன் யாரும் கேமோ போடக்கூடாது, ஃபேஷன்னு சொன்னாலும் எடுபடாது, தொப்பி பைன்னாலும் பறிச்சுக்கலாம், ஆளையே நிறுத்தி வைக்கலாம். ஃபால்ஸுக்கு அந்தப்பக்கம் ஜாம்பியாவுலயும் தடை இருக்கு. அதனால டி-ஷர்ட் வீட்லயே இருக்கட்டும், பெட்டியில கூட வைக்க வேணாம், பையன் மூஞ்சி தூக்குனா தூக்கட்டும்.

இப்ப துணிக்கு வருவோம், 450 குடுக்குறீங்கல்ல. டிசைன் உடம்பு முழுக்க ஓடுதுன்னா அது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், ஏன்னா அந்த சப்ளிமேஷன் பிரிண்ட், அதாவது சூடு வச்சு மைய ஆவியாக்கி துணியில ஏத்துறது, வெள்ள பாலியெஸ்டர்லதான் பிடிக்கும், அப்புறம் அக்குள் மடிப்புல மை ஏறாம வெள்ளக் கோடு தெரியும், கறுப்பு டிசைன்ல அது பளிச்சுன்னு காட்டிக்குடுக்கும். ஃபோட்டோவுல கைய கீழ விட்டு நிப்பாங்க, அதனால கை தூக்குன ஃபோட்டோ கேளுங்க. காட்டன்ல நெஞ்சு பூரா ரப்பர் மாதிரி பிரிண்ட் அடிச்சிருந்தா அதுவும் வேணாம், பிப்ரவரி புழுக்கத்துல உள்ள வேர்த்துக் கொட்டும். காட்டன், தண்ணி கலந்த மையில அடிச்ச பிரிண்ட், துணி கனம் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பக்கம்னா தாராளமா வாங்குங்க.

வெளிநாட்டு சைட்னா துணிக்கு இம்போர்ட் டியூட்டி 45%, மேல வாட் வேற, அத சேத்து கணக்குப் பாருங்க. இங்கத்த சைட்னா பார்சல் கைக்கு வந்து 7 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பி அனுப்பலாம், அனுப்புற செலவு மட்டும் நம்மது, பணம் 30 நாளுக்குள்ள வரணும். தையல் விட்டுச்சு, பிரிண்ட் உரிஞ்சுச்சுன்னா அது வேற கணக்கு, 6 மாசம் வரைக்கும் பணமா, மாத்தித் தரணுமா, ரிப்பேரான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், சேல்ல வாங்குனது திருப்ப மாட்டோம்னு போர்டு மாட்டியிருந்தாலும் சரி. ஒண்ணே ஒண்ணு, முதுகுல பையன் பேர அடிச்சுத் தரோம்பாங்க, அதுக்கு தலையாட்டிடாதீங்க, பேர் போட்டுட்டா அந்த 7 நாள் உரிமை கிடையாது.