இரண்டு நாளில் வந்த மாற்றம் மறதி நோய் அல்ல: முதியோரைப் பார்த்துக்கொள்வோர் கேள்வி பதில்

வேலூரில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதன் பிறகு மறதி நோயுற்ற என் மாமியாரைக் காட்பாடி வீட்டில் ஏழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். மற்றவற்றுக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு 76 வயது, கைத்தறி நெசவாளர். மூன்று ஆண்டுகளாக மறதி நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். முந்தாநாள் முதல் பகலெல்லாம் தூங்குகிறார், இரவில் சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்லிப் பதறுகிறார். நோய் முற்றிவிட்டதா, சிஸ்டர்?

மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகர்வது. இரண்டு நாளில் ஒருவர் இப்படி மாறினால், உடம்பில் வேறு ஏதோ கோளாறு புகுந்திருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தத் திடீர்க் குழப்பம், காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலும் தணியும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இரத்தத்தில் சோடியம் அல்லது சர்க்கரை குறைவது, சில நாள் முன்பு விழுந்து தலையில் பட்ட அடி ஆகியவை நான் அடிக்கடி பார்த்த காரணங்கள். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போவதுண்டு என்பதால், உடம்பு சுடவில்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் இளவயதினரே வாடிப்போகும்போது, தாகத்தை உணரவோ கேட்டு வாங்கிக் குடிக்கவோ முடியாத ஒருவருக்கு நீர்ச்சத்து எவ்வளவு வேகமாகக் குறையும் என்று எண்ணிப் பாருங்கள். சொம்பைப் பக்கத்தில் வைத்தால் போதாது. மணிக்கொரு முறை அரை தம்ளர் மோரோ தண்ணீரோ கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை உடன் இருக்க வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே சரி.

புறப்படும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், மருந்துக்கடையில் சளிக்கென்று கேட்டு வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குளோர்பெனிரமின் கலந்த சாதாரண சளி மாத்திரைகூட இவர்களைக் குழப்பிவிடும்.

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு மகள்: விளக்கு வைக்கும் நேரம் வந்தால் அம்மா துணிமணியைச் சுருட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். இதுதான் நம் வீடு என்றால் கோபம் வருகிறது.

அவர் தேடுவது அநேகமாகத் தாய்வீட்டை. அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். கிணறு எந்தப் பக்கம், திண்ணையில் யார் படுப்பார்கள் என்று பேச்சு போனால் துணி மூட்டை தானாகவே கீழே இறங்கும். பொழுது சாயும் முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள்; நிழல்கள் இவர்களை மிரட்டும். காலையில் அரைமணி நேரம் இளவெயிலில் உட்கார வைப்பதும் இரவுத் தூக்கத்துக்கு உதவும்.

ஆற்காட்டிலிருந்து: அப்பா சொல்லாமல் வெளியே போய்விடுகிறார். வெளியில் பூட்டிவிட்டு வேலைக்குச் செல்வது தவறா?

ஆம், தவறு. தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது. கதவில் மணி கட்டுங்கள், சட்டையின் உட்புறம் கைபேசி எண்ணைத் தைத்துவிடுங்கள், தெருமுனை டீக்கடைக்காரரிடமும் ஆட்டோ நிறுத்தத்திலும் வெட்கப்படாமல் சொல்லிவையுங்கள். காணாமல் போனால், அவர் வேலை பார்த்த இடத்துக்குப் போகும் வழியில் முதலில் தேடுங்கள். 112-க்கும் உடனே தகவல் சொல்லுங்கள். பகலில் கைக்கு ஒரு வேலை இருந்தால் கால் கொஞ்சம் அடங்கும். மேலே கேட்ட குடியாத்தத்துக்காரருக்கும் இதைச் சொல்வேன்: அப்பா தெளிந்து வீடு திரும்பியதும் ராட்டையைக் கொடுத்துத் தார்க்குச்சியில் நூல் சுற்றச் சொல்லுங்கள். பேரன் பெயரை மறந்த விரல்களுக்கும் நூலின் பதம் நினைவிருக்கும்.

ஆம்பூரிலிருந்து: இது குணமாகுமா?

மறதி நோயில் பரவலான வகையான அல்சைமர் குணமாவதில்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஓரளவு உதவும். ஆனால் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகவே வெளிப்படும் என்பதால், அவற்றைச் சோதிக்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

பொன்னையிலிருந்து ஒரு மருமகள்: அத்தைக்குக் கேழ்வரகுக் களி என்றால் உயிர். இப்போது வாயைத் திறக்கவே மறுக்கிறார். பிடிவாதம் தாங்க முடியவில்லை.

என் மாமியாரையும் இப்படித்தான் பத்து நாள் திட்டினேன். பதினோராம் நாள் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தபோது, பல்செட் அழுத்தி ஈறில் மிளகளவு புண் இருந்தது. வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை இல்லாதவர் வாயை மூடிக்கொண்டார். அதைப் பிடிவாதம் என்று பெயரிட்டது நான். ஆகவே முதலில் வாயைப் பாருங்கள். சாப்பிடும்போது இருமல், தொண்டையில் ஈரக் கரகரப்பு, கன்னத்தில் உணவை அடக்கிவைப்பது ஆகியவை இருந்தால் விழுங்குவதில் சிக்கல் என்று பொருள்; களி உருண்டையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மருமகள்: நான் நகையைத் திருடிவிட்டதாகத் தெருவே கேட்கச் சொல்கிறார் மாமியார். கணவரின் உடன்பிறந்தவர்களும் நம்புகிறார்கள். நான் ஒருத்திதான் எல்லாம் பார்க்கிறேன்.

வைத்த இடம் மறந்துபோன மனம், திருட்டு என்று காரணம் கற்பித்துக்கொள்கிறது. நோயின் வழக்கமான கூறு இது. மறுத்து வாதிடாமல் சேர்ந்து தேடுங்கள். உடன்பிறந்தவர்களை அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு அழைத்துச் சென்று, மருத்துவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். மாமியாருக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். பகுதிச் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை யார் வந்து இருப்பார்கள் என்று நாட்காட்டியில் பெயரோடு எழுதி, அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடுங்கள்.