சிங்கப்பூரில் பிறந்த பையனுக்கு 'காமராஜ்' படம் காட்டலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவன். காமராஜரைப் பற்றிய படத்தைக் காட்டினால் அவனுக்குப் புரியுமா?

தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் அவனைத் தனியாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் சமைக்கப் போய்விடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். இருபது நிமிடத்தில் பையன் கைபேசியை எடுத்துவிட்டான்.

2004இல் அ. பாலகிருஷ்ணன் இயக்கி வந்த 'காமராஜ்' படத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். காமராஜராக ரிச்சர்ட் மதுரம், இசை இளையராஜா. சண்டையும் பாட்டும் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு மெதுவாகத்தான் தெரியும். நேரு, சாஸ்திரி, இந்திரா என்று பெயர்கள் வந்தபோது என் மகனுக்கு யார் யாரென்றே பிடிபடவில்லை. அது அவன் குற்றமில்லை, அவன் பள்ளியில் படிக்கும் வரலாறு வேறு.

எங்கள் வீட்டில் அது மாறியது அப்பாவால். ஜூன் விடுமுறைக்கு ஊரிலிருந்து ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். விருதுநகர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மறுநாள் இரவு அவர் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, "முதல்ல இருந்து போடுய்யா" என்றார். மகன் அடிக்கடி படத்தை நிறுத்திக் கேள்வி கேட்டான். அப்பா பதில் சொன்னார். படம் இரண்டு இரவு ஓடியது.

காமராஜர் கொண்டுவந்த பள்ளி மதிய உணவுத் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தத் திட்டம் 1956இல் தொடங்கியது. முதலில் அரசுப் பணம் மட்டும் இல்லை, ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்துத்தான் பல ஊர்களில் அடுப்பு எரிந்தது. அப்பா எட்டு வயது வரை ஆடு மேய்த்தவர். வாத்தியார் வீட்டுக்கு வந்து பாட்டியிடம், "ஒரு வேளைச் சோறு உனக்கு மிச்சம், பயல அனுப்பு தாயி" என்றாராம். "நான் படிக்கப் போகலய்யா, சோத்துக்குத்தான் போனேன்" என்று பேரனிடம் சொன்னார். எனக்கு நாற்பத்தைந்து வயது. இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தபால் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்த மனிதர். அதைச் சொல்ல அவருக்கு இத்தனை காலம் கூச்சம்.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கு ஸ்கூல் கார்டுலயே சாப்பாட்டுக்குக் காசு போடுவாங்க தாத்தா. அவன் யார்கிட்டயும் சொல்ல மாட்டான். எனக்கு மட்டும் தெரியும்" என்றான். உங்கள் மகனுக்குப் புரியுமா என்று கேட்டீர்களே, எனக்கு அந்த இடத்தில்தான் பதில் கிடைத்தது.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கு அடுத்த இரவைப் பற்றி. பையன் கைபேசியில் தேடிவிட்டு, "தாத்தா, இவர் சொந்த ஊர்லயே தோத்துட்டாரா?" என்று கேட்டான். 1967 தேர்தல். முதலமைச்சர் பதவியை 1963இல் தானாக விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போனவர், அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்தவர், விருதுநகரில் திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றார். "யாரு தாத்தா அவருக்கு ஓட்டுப் போடல?" என்றான்.

அப்பா தண்ணீர் கேட்டுக் குடித்தார். "எனக்கு அப்ப பதினாறு வயசு. ஓட்டு இல்ல. ஆனா அவருக்கு எதிரா ஊர்வலத்துல போனேன்" என்றார். இந்தி எதிர்ப்புப் போராட்டம் முடிந்து இரண்டே வருடம். அரிசிக்குத் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற திமுக வாக்குறுதியைத் தெருத் தெருவாகக் கத்தியிருக்கிறார். "அவர் போட்ட சோத்தத் தின்ன வாயி இது" என்றார். ஆனால் போனது தப்பு என்று சொல்லவில்லை. "இந்தித் திணிப்ப எதிர்த்தது சரிதான். அரிசி கெடைக்காததும் நெசம்தான். ஆனா அவர் தோத்த சேதி வந்தப்ப எங்க அம்மா அடுப்பு பத்த வைக்கல." 1975 அக்டோபர் 2ஆம் தேதி காமராஜர் இறந்தபோது அப்பா சென்னைக்குக் கிளம்பி, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் திரும்பி வந்தாராம்.

இதைப் படித்துவிட்டு நான் காங்கிரஸ்காரி என்று சிலரும், திமுகவைத் தாக்குகிறேன் என்று சிலரும் வருவீர்கள். சாதிப் பாசம் என்பவர்களும் வருவார்கள். அவர் சாதி வேறு, எங்கள் சாதி வேறு. நான் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிப் பதினொரு வருடம் ஆகிறது, இந்தியாவில் எனக்கு ஓட்டே கிடையாது. என் அப்பா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே வாரம் ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு அப்பாவைக் கூட்டிப் போனோம். முடிந்ததும் ஐந்தாறு ட்ரே பிரியாணி, கை படாதது, கறுப்புப் பைக்குள் போனது. கேட்டால், நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றார்கள். அந்த விதியில் எனக்குச் சண்டை இல்லை. வரும் ஆட்களை எண்ணிச் சாப்பாடு சொல்ல நம் ஆட்களுக்கு என்ன கேடு? எண்பது பேருக்கு நூற்றைம்பது பேர் சாப்பாடு. அப்பா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வயது போதும். ஒரே மூச்சில் போடாதீர்கள். டில்லி அரசியல் வரும் இடங்களில் யார் என்ன என்று நீங்களே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். 1903இல் பிறந்தார், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டார், 1954 முதல் ஒன்பது வருடம் முதலமைச்சர், கடைசிவரை சென்னையில் வாடகை வீடு. இவ்வளவு முன்கூட்டித் தெரிந்தால் போதும். ஊரில் அந்தக் காலத்துப் பெரியவர் யாராவது இருந்தால் வீடியோ அழைப்பிலாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். என் மகன் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவைக் கூப்பிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன குழம்பு ஊற்றினார்கள் என்று கேட்கிறான்.