பந்தியில் உட்கார முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 34. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தேன். எட்டாம் வகுப்பில் என் பல்லை வைத்து ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதையாவது தாங்கிக்கொண்டேன், இரண்டு வருஷம் ஒருத்தியும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இப்போதும் கல்யாண மண்டபத்தில் நாலு பெண்கள் சேர்ந்து சிரித்தால் என்னைத்தான் என்று தோன்றுகிறது. மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிவிடுகிறேன். போன மாதம் வகுப்புத் தோழிகள் வாட்ஸ்அப் குரூப் தொடங்கி என்னையும் சேர்த்தார்கள். பட்டப்பெயர் வைத்தவள் தினமும் காலை வணக்கம் போடுகிறாள்! "இன்னுமா அந்தக் கதை" என்கிறார் வீட்டுக்காரர். ஜூனில் மகள் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி போகிறாள், எனக்குத்தான் தூக்கமில்லை. நான் பெரிதுபடுத்துகிறேனா?
- பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: இல்லவே இல்லை. பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை 50 வயது வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். 7, 11 வயதில் அடிக்கடி மற்ற பிள்ளைகளின் கொடுமைக்கு ஆளானவர்களிடம் நடுவயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

பையன்கள் அடித்துக்கொண்டால் சட்டை கிழியும், வாத்தியாருக்குத் தெரியும். பெண் பிள்ளைகள் பலநேரம் காய் விட்டு, சேர்க்காமல் ஒதுக்கியே காயப்படுத்துவார்கள், வெளியே பார்த்தால் வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒன்று இருக்கிறது. பட்டப்பெயரைத் தாங்கிக்கொண்டேன் என்கிறீர்கள், தனியாகச் சாப்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. இன்றைக்கு நீங்கள் தவிர்ப்பதும் பந்தியைத்தான். மண்டபத்துக்குள் போகிறீர்கள், மொய் எழுதுகிறீர்கள், இலை முன்னால் உட்காரத்தான் கால் வரமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முறை சாப்பிடாமல் திரும்பும்போதும் அப்போதைக்கு நிம்மதி, ஆனால் பயம் இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிடும்.

அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள். அடுத்த கல்யாணத்தில் மதினியோ சித்தியோ, மனசுக்குப் பிடித்த ஒருவரோடு கடைசிப் பந்தியில் உட்காருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். சொதி வரும் வரை இருந்தால் போதும், பாதியில் எழுந்தாலும் குற்றமில்லை. கூடவே, தூக்கமே போய்விட்டதால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு எட்டு போய் வாருங்கள். போகத் தயக்கமென்றால் முதலில் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மகளிடம் "யாராவது கேலி செய்தார்களா" என்று தினமும் துருவாதீர்கள், உங்கள் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும். "இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்ட?" என்று மட்டும் கேளுங்கள். தொடர்ந்து நாலைந்து நாள் "யாருமில்லம்மா" என்றால் வகுப்பு ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். "நீ கண்டுக்காத" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்களிடம் எத்தனை பேர் அதைச் சொல்லியிருப்பார்கள்!

அப்புறம் அந்த குரூப். மன்னிப்பதா வேண்டாமா என்று இப்போதே முடிவுகட்ட வேண்டியதில்லை. வெளியே வந்துவிடுங்கள். ஏன் என்று அவள் கேட்டால், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.