சிறுவர் பாய்மரப் படகுப் போட்டி: விதிகளும் பாதுகாப்பும் – கேள்வி பதில்

சென்னைத் துறைமுகத்தையும் அதை ஒட்டிய கடலையும் களமாகக் கொண்டு நடைபெறும் சிறுவர் பாய்மரப் படகுப் போட்டிகளில் பல ஆண்டுகள் போட்டி அலுவலராகவும் பாதுகாப்புப் படகுகளை வழிநடத்துபவனாகவும் பணியாற்றியிருக்கிறேன். புதிய பருவம் தொடங்குவதற்கு முன் பெற்றோரும் பிள்ளைகளும் தன்னார்வலர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விதி எண்கள் யாவும் பாய்மரப் படகு விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங் வெளியிட்டு 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பாய்மரப் படகுப் பந்தய விதிகளைச் சார்ந்தவை.

என் மகனுக்குப் பத்து வயது. நன்றாக நீந்துவான். துறைமுகத்துக்குள் அலையே இல்லாதபோதும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்கிறார்களே, ஏன்? – ஒரு தாய், திருவான்மியூர்

அம்மா, நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் பாயின் குறுக்குக்கழி தலையில் பட்டால் சில நொடிகள் ஒன்றும் புரியாது. அந்தச் சில நொடிகளுக்காகத்தான் லைஃப் ஜாக்கெட். சூழலுக்கு ஏற்ற மிதவை உடையை அணிவது ஒவ்வொரு போட்டியாளரின் சொந்தப் பொறுப்பு என்று விதி 1.2 சொல்கிறது. மஞ்சளும் சிவப்பும் சாய்கோடுகளாக உள்ள ‘ஒய்’ கொடி கரையில் ஏறிவிட்டால், அன்று நீரில் இருக்கும் நேரம் முழுவதும் அணிந்தே ஆக வேண்டும் என்று விதி 40 கட்டாயப்படுத்துகிறது. பதினைந்து வயது வரையிலான பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகுகளுக்கோ, கொடி ஏறினாலும் ஏறாவிட்டாலும், அந்தப் படகு வகையின் விதிகளே அதைக் கட்டாயமாக்குகின்றன. ஜாக்கெட்டில் ஒரு விசிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இந்தப் போட்டிகளில் பெரும்பாலும் அணியப்படுவது ‘நிலை 50’ என்று குறிக்கப்பட்ட வகை. அது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகிலேயே இருக்கும் இடத்தில் துணை நிற்பதற்காகச் செய்யப்பட்டது. மயங்கியவரின் முகத்தை வானத்தை நோக்கித் திருப்பும் என்று அதை நம்ப முடியாது. அதனால் அளவு சரியாக இருப்பது மிக முக்கியம். வீட்டிலேயே பார்த்துவிடலாம்: எல்லாக் கொக்கிகளையும் மாட்டியபின் தோள்பட்டை வார்கள் இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி, மகனின் முகவாய் உள்ளே புதைந்தால் அது பெரிய அளவு. அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பள்ளிச் சீருடை வாங்குவது போல இதை வாங்கிவிடாதீர்கள்.

‘பந்தயத்தில் கலந்துகொள்வதும் தொடர்வதும் படகின் சொந்த முடிவு’ என்று அறிவிப்பில் பார்த்தேன். இது அமைப்பாளர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகம் இல்லையா? – ஒரு தந்தை, அண்ணா நகர்

அது விதி 3. உங்கள் ஐயம் நியாயமானது, ஆனால் நான் அந்த விதியை வேறு விதமாகப் படிக்கிறேன். காற்று மிகுந்துவிட்டால் பந்தயத்தைத் தள்ளிவைப்பதும் கைவிடுவதும் அமைப்பாளர்களின் கடமை. அந்தக் கடமையிலிருந்து விதி 3 யாரையும் விடுவிப்பதில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் இறங்கும் கடலில், 15 நாட் காற்று சிலருக்குக் கொண்டாட்டமாகவும் 30 கிலோ எடையுள்ள ஒரு புதிய பிள்ளைக்குத் தாங்க முடியாத சுமையாகவும் இருக்கும். நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்குமாக நான் எடுக்கும் முடிவு அந்த ஒரு பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது ‘நான் இன்று இறங்கவில்லை’ என்று சொல்லும் உரிமையை அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது இந்த விதிதான்.

ஒருமுறை படகுச் சரிவில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி பாயைக் கட்டி முடித்துவிட்டு, சக்கரவண்டியின் கைப்பிடியை விடாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயிற்சியாளர் மண்டியிட்டு, ‘போகலாமா, வேண்டாமா? எதுவானாலும் சரி’ என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் வேறொன்றும் பேசாமல் பாயை அவிழ்க்க உதவினார். மறுநாள் அவள் மூன்று பந்தயங்களையும் முடித்தாள். கரையில் நிற்கும் பெற்றோர் ‘இவ்வளவு செலவு செய்து வந்தோமே’ என்ற பேச்சை அந்த நேரத்தில் எடுக்கவே கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பந்தயத்தின் நடுவில் நண்பனுக்கு உதவ நின்றால் என் இடம் போய்விடுமா, ஐயா? – பதின்மூன்று வயது மாணவன்

போகாது, தம்பி. விதிப் புத்தகத்தின் முதல் விதியே இதுதான்: ஆபத்தில் இருக்கும் எவருக்கும் தன்னால் இயன்ற எல்லா உதவியையும் படகு செய்ய வேண்டும். அப்படி உதவியதால் இழந்த இடத்துக்கு நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கலாம். விசாரணைக் குழு பெரும்பாலும் உன் மற்றப் பந்தயங்களின் சராசரிப் புள்ளிகளைக் கொடுக்கும்.

1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் பூசானில் நடந்தன. ஒருவர் மட்டும் ஓட்டும் ஃபின் படகுப் பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்த கனடா வீரர் லாரன்ஸ் லெமியூ, பக்கத்துக் களத்தில் கவிழ்ந்து கிடந்த சிங்கப்பூர் வீரர்கள் இருவரைக் கண்டு தன் தடத்தை விட்டு விலகினார். இருவரையும் தன் படகில் ஏற்றி, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து ஒப்படைத்துவிட்டுத்தான் பந்தயத்துக்குத் திரும்பினார். நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கினார்கள். பதக்கம் கிடைக்கவில்லை, ஆனால் விளையாட்டுப் பண்புக்கான பியர் தெ குபெர்த்தன் விருது அவருக்குக் கொடுக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் நினைவில் வை. கவிழ்ந்த படகெல்லாம் ஆபத்தில் இருக்கும் படகு அல்ல. அருகில் செல்லும்போது ‘நலமா?’ என்று உரக்கக் கேள். கட்டைவிரலை உயர்த்தினால் உன் வழியில் போ. பதில் வராவிட்டாலோ, அழுகுரல் கேட்டாலோ, ஆளே தென்படாவிட்டாலோ நின்றுவிடு, விசிலை ஊது.

ஆப்டிமிஸ்ட் கவிழ்ந்தால் சின்னப் பிள்ளை தனியாக என்ன செய்ய முடியும்? – ஒரு தாத்தா, தூத்துக்குடி

நிறையவே செய்ய முடியும், ஐயா. அந்தப் படகு 2.3 மீட்டர் நீளமும் 35 கிலோ எடையும் கொண்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1947இல் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காகவே வடிவமைத்தது. உள்ளே மூன்று காற்றுப் பைகள் கட்டப்பட்டிருப்பதால் முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காது. பிள்ளை பாய்க்கயிற்றை விட்டுவிட்டு, படகிலிருந்து கையை எடுக்காமலே சுற்றி அடிப்புறத்துக்கு வந்து, டாகர்போர்டு எனப்படும் நடுப்பலகையைப் பிடித்துத் தன் எடையைக் கொடுத்தால் படகு நிமிரும். நிமிர்ந்த படகு தொட்டி போல நிறைந்திருக்கும். ஏறி உட்கார்ந்து வாளியால் இறைக்க வேண்டும். அதனால்தான் இறைக்கும் வாளியைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்களா என்று கரையிலேயே பார்க்கிறோம். கட்டாத வாளி முதல் கவிழ்ப்பிலேயே போய்விடும்.

பெரியவர்கள் அஞ்சுவது பாய்க்கு அடியில் சிக்கிக்கொள்வதை. அதற்கும் பயிற்சி உண்டு. ஒரு கையால் பாயை மேலே தள்ளினால் முகத்துக்கு மேல் சிறிய கூடாரம் போலக் காற்று நிற்கும். மூச்சு வாங்கிக்கொண்டு, பாயின் தையல் ஒன்றை விரலால் தொட்டபடி ஒரே திசையில் நகர்ந்தால் ஓரம் வந்துவிடும். திசையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பிழை. இதைக் குளத்தில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது பத்து முறை செய்து பார்த்த பிள்ளை கடலில் பதறுவதில்லை. நீந்திக் கரைக்குப் போய்விடலாம் என்று படகை விட்டு விலகுவதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. நீரில் ஒரு தலையைத் தேடுவதைவிட ஒரு படகைத் தேடுவது பன்மடங்கு எளிது.

கரைக்கு வந்தபின் கையெழுத்துப் போட மறந்த பிள்ளைக்குத் தண்டப் புள்ளி கொடுப்பது கொடுமையாகத் தெரிகிறது. – ஒரு தன்னார்வலர்

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை பாதுகாப்பு ஏற்பாடுகளின் உயிர்நாடி இந்தக் கையெழுத்துப் பலகைதான். ரேடியோவும் இயந்திரப் படகும் மருத்துவரும் இருந்தும், ‘இந்த நொடியில் எத்தனை பிள்ளைகள் நீரில் இருக்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அவற்றை எங்கே அனுப்புவது என்றே தெரியாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் 38 பேர் இறங்கினார்கள். பிற்பகல் காற்று வலுத்ததால் பந்தயத்தைக் கைவிட்டு எல்லோரையும் திருப்பினோம். பலகையில் 37 கையெழுத்துகள். நான் விரலை வைத்து மேலிருந்து கீழாக எண்ணினேன், பிறகு கீழிருந்து மேலாக எண்ணினேன், 37தான். இரண்டு மீட்புப் படகுகளை அலைதடுப்புச் சுவரின் வெளிப்புறம் அனுப்பினோம். ஏறத்தாழ நாற்பது நிமிடம். சிறுவன் நலமாக, உலர்ந்த உடையுடன், உறவினரின் காரில் வீடு போய்க்கொண்டிருந்தான். படகை மற்றவர்களுடையதோடு வரிசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த நாற்பது நிமிடத்தில், இயந்திரம் பழுதான ஒரு பயிற்சியாளரின் படகு ஐந்து பிள்ளைகளைக் கயிற்றில் கட்டியபடி அலையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அனுப்ப எங்களிடம் படகு இல்லை. யாருக்கும் எதுவும் நேரவில்லை. ஆனால் ஒரு விடுபட்ட கையெழுத்து எங்கோ இருக்கும் வேறு பிள்ளையிடமிருந்து உதவியைப் பறிக்கிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

எனவே தண்டப் புள்ளி இருக்கட்டும். கூடவே, பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோரோ பயிற்சியாளரோ கையெழுத்திடுவதை ஏற்காதீர்கள். அந்தக் கை நனைந்திருக்க வேண்டும் என்று நான் தன்னார்வலர்களிடம் சொல்வது வழக்கம்.

மீட்புப் படகில் முதல் முறையாகப் பணியாற்றப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? – கல்லூரி மாணவர், இராயபுரம்

முதலில் ஆள், பிறகுதான் படகு. கவிழ்ந்த படகை நெருங்கும்போது தலைகளை எண்ணுங்கள். பிள்ளை கண்ணில் படாவிட்டால் பாய்க்கு அடியிலோ கவிழ்ந்த படகுக்கு அடியிலோ இருப்பதாகவே எடுத்துக்கொண்டு உடனே செயல்படுங்கள். பிள்ளை தானே நிமிர்த்த முயன்றுகொண்டிருந்தால், விலகி நின்று பார்த்துக்கொண்டிருப்பதே உதவி.

இயந்திரத்தை நிறுத்தும் கில் கார்டு கயிறு ஓட்டுபவரின் காலிலோ இடுப்பிலோ எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். நீரில் இருப்பவரை ஏற்றும் முன் இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். நியூட்ரலில் விடுவது போதாது, ஒரு முழங்கை பட்டாலும் விசிறி சுழலத் தொடங்கிவிடும். ஆளை ஏற்றிக்கொண்டு வெறும் படகை மிதக்க விட்டு வர நேர்ந்தால், அதன் பாய்மரத்தில் பளிச்சென்ற நாடா ஒன்றைக் கட்டிவிடுங்கள். ‘இதில் இருந்தவர் பத்திரம்’ என்பதற்கு அதுவே அடையாளம். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அங்கேயே தேடிக்கொண்டிருப்பார். இழுத்துச் செல்லும்போது நடுப்பலகையை எடுத்துவிடச் சொல்லி, பிள்ளையைப் படகின் பின்பகுதியில் உட்காரவைத்து, மெதுவாகச் செல்லுங்கள்.

கொடிகள் குழப்புகின்றன. எவற்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்? – பன்னிரண்டு வயது மாணவி

தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன் உன் படகு வகையின் கொடி ஏறும், 4 நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி ஏறும், 1 நிமிடம் இருக்கும்போது அது இறங்கும், பிறகு தொடக்கம். சிவப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட நீண்ட முக்கோணக் கொடி ஏறினால் தள்ளிவைப்பு. நீலமும் வெள்ளையும் கட்டம் கட்டமாக உள்ள ‘என்’ கொடி பந்தயம் கைவிடப்பட்டது என்று பொருள்படும். அதற்குக் கீழே ‘எச்’ இருந்தால் கரைக்கு வந்து அடுத்த அறிவிப்புக்குக் காத்திரு, ‘ஏ’ இருந்தால் இன்று பந்தயமே இல்லை. ‘எக்ஸ்’ கொடி ஏறினால் யாரோ கோட்டை முன்னதாகத் தாண்டியிருக்கிறார்கள். அது நீயா என்று உனக்கே தெரிந்திருக்கும், திரும்பி வந்து தொடங்கு. முதலில் இவை போதும், கண்ணு.

இருவர் மோதிக்கொண்டால் என்ன முறை? – அதே மாணவியின் தந்தை

காற்றை வலப்புறத்தில் வாங்கிச் செல்லும் ஸ்டார்போர்டு படகுக்கே வழியுரிமை; இடப்புறத்தில் வாங்கும் போர்ட் படகு விலக வேண்டும். ஆனால் இயன்றவரை மோதலைத் தவிர்ப்பது இருவருக்குமே கடமை. தவறு தன்னுடையது என்று தெரிந்தவர் விரைவில் விலகி வந்து இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றித் தண்டத்தை முடித்துக்கொள்ளலாம். காயமோ பெரும் சேதமோ விளைவித்திருந்தால் பந்தயத்திலிருந்து விலக வேண்டும். எதிர்ப்புத் தெரிவிப்பவர் ‘புரோட்டெஸ்ட்’ என்று உடனே உரக்கச் சொல்ல வேண்டும். 6 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்குச் சிவப்புக் கொடி தேவையில்லை. மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: தானாகச் சுற்றிவிடும் பிள்ளைக்கு விசாரணை அறையில் காத்திருக்கும் மாலை மிச்சம்.

பயிற்சியாளர் படகுகளைக் களத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவசரத்துக்கு மட்டும் கூப்பிடுவது சரியா? – ஒரு பயிற்சியாளர்

சரிதான், நண்பரே. பந்தயத்தின்போது வெளியுதவியை விதி 41 தடுக்கிறது. உடல்நலம் கெட்டவர், காயமடைந்தவர், ஆபத்தில் இருப்பவர் ஆகியோருக்கு உதவுவதை அது தடுப்பதில்லை. வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறியிட்ட ‘வி’ கொடி ஏறினால், உங்கள் படகு உட்பட எல்லாப் படகுகளும் போட்டிக் குழுவின் ரேடியோ அலைவரிசையைக் கேட்க வேண்டும் என்கிறது விதி 37. அந்த நேரத்தில் உங்கள் அணிப் பிள்ளை, அடுத்த அணிப் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. மிக அருகில் இருப்பவரை ஏற்றுங்கள்.

சென்னையில் எந்த வானிலையில் பந்தயத்தை நிறுத்துவீர்கள்? – ஒரு தாய், மயிலாப்பூர்

கோடையில் பிற்பகல் கடற்காற்று பெரும்பாலும் நம்பத் தகுந்தது. எனக்கு அச்சம் தருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் மேற்கே நகரத்தின் மீது கறுத்துத் திரளும் இடிமேகம். கடற்காற்று திடீரென்று அடங்கி, ஓரிரு நிமிடம் பாய்கள் தொங்கி, பிறகு கரையிலிருந்து குளிர்ந்த காற்று பாய்ந்து வரும். அது பிள்ளைகளைக் கடலை நோக்கித் தள்ளும். ஆகவே காற்று அடங்குவதற்காக நான் காத்திருப்பதில்லை. இடியோசை காதில் விழுந்தவுடன் ‘என்’ கொடியையும் அதற்குக் கீழே ‘எச்’ கொடியையும் ஏற்றி எல்லோரையும் கரைக்கு அனுப்புகிறேன். அலுமினியப் பாய்மரத்துக்குக் கீழே பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு மின்னலின் தூரத்தைக் கணக்கிடக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை எவரும் மீண்டும் இறங்குவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றுப் பருவத்தில் அலை குறுகியும் செங்குத்தாகவும் எழுவதால், புதிய பிள்ளைகளுக்கான பந்தயங்களை அலைதடுப்புச் சுவருக்கு உள்ளேயே வைத்துக்கொள்கிறோம். அந்நாட்களில் மகளுக்கு ஒரு துண்டும் மாற்றுடையும் கரையில் தயாராக வைத்திருங்கள், அம்மா. அவள் பலகையில் கையெழுத்திட்டபின் கொடுங்கள்.